பதக்கத்தோடு முடிந்த நாடகம்: கடலூர்ப் பள்ளி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இதில் வரும் மாணவன், மாணவி, அவர்கள் வீட்டார், பள்ளி எதற்கும் பெயர் கொடுக்கவில்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இரண்டு குடும்பங்களுக்கும் படித்துக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகே வெளியே கொடுக்கிறேன். நாடகத்தின் கதைக்களமான அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65-ல் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிய போர்) பற்றிய தகவல்களில் எந்த மாற்றமும் இல்லை. பள்ளியில் வரலாறு நடத்துகிறவர்களுக்கும் நாடகம், பேச்சுப்போட்டி என்று பிள்ளைகளைத் தயார் செய்கிறவர்களுக்கும் பயன்படட்டும் என்பதே நோக்கம்.

பின்னணி

கடலூருக்குத் தெற்கே உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. சிப்காட்டில் ஒப்பந்த வேலை பார்ப்பவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், முந்திரிக் கொட்டை உடைப்பவர்கள் ஆகியோரின் பிள்ளைகள் படிக்கிறார்கள். பக்கத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். 2021 வரை அதை அகதிகள் முகாம் என்றுதான் அரசுத் தாள்களிலும் எழுதினார்கள். அங்கிருந்து வரும் பிள்ளைகள் பெரும்பாலும் இங்கேயே பிறந்தவர்கள். பேச்சில் கடலூர் வாடைதான் இருக்கும். வீட்டில் மட்டும் வேறு தமிழ்.

2023–24 கல்வியாண்டில், பிப்ரவரியில் நடக்கவிருந்த ஆண்டு விழாவுக்கு எட்டாம் வகுப்பு ஒரு ஓரங்க நாடகம் போடுவதாக முடிவானது. கதையைக் கொண்டு வந்தவன் அந்த வகுப்பு மாணவன் ஒருவன். கைபேசியில் பார்த்த காணொளியிலிருந்து எடுத்த கதை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் முரசடிக்கும் சிறுவனாகச் சேர்ந்து, 12 வயதில் எதிரி கர்னலைச் சுட்டு, பதக்கம் வாங்கிய ஜானி கிளெம்.

அவனுக்கு இந்தக் கதை பிடித்துப்போக வீட்டிலும் ஒரு காரணம் இருந்தது. அம்மாவைப் பெற்ற தாத்தா புதுச்சேரியில் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு ஜூலை 14 அன்றும் கடற்கரைச் சாலையில் உள்ள முதல் உலகப் போர் நினைவுச் சின்னத்துக்குக் கோட்டு போட்டு, பதக்கங்களைக் குத்திக்கொண்டு போவார். பேரனும் கூடப் போவான். 1938-ல் திறக்கப்பட்ட அந்த நினைவிடம் மற்ற நாட்களில் கம்பிக் கதவு பூட்டியே கிடக்கும். அது திறக்கும் நாளில் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவது அவனுக்குத் திருவிழா மாதிரி. பதக்கம் என்றால் என்ன என்பதை அவன் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டவன்.

நாடகத்தின் முதல் வடிவம்

ஐந்து காட்சிகள். எழுதியது முழுக்க மாணவர்கள். முதல் காட்சியில் ஜானியின் தாய் அவன் தலைக்கு எண்ணெய் தடவி வாரிவிட்டு, கழுத்தில் முரசை மாட்டி, "போ மகனே, வென்று வா" என்று அனுப்பி வைக்கிறாள். அப்புறம் முகாம் காட்சி, போர்க்களம், சிறைபிடிப்பு. கடைசிக் காட்சியில் அதிபர் பதக்கம் குத்துகிறார், எல்லாரும் சல்யூட் அடிக்கிறார்கள், திரை.

அந்தத் தாய்க் காட்சி எங்கிருந்து வந்தது என்று தமிழ் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே மகனின் தலையில் எண்ணெய் பூசி, கையில் வேலைக் கொடுத்துப் போர்க்களத்துக்கு அனுப்பும் தாயை ஒக்கூர் மாசாத்தியார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். பிள்ளைகள் காதில் விழுந்து விழுந்து பழகிய தாய் அவள். ஓஹியோவில் பிறந்த ஒரு சிறுவனுக்கும் அதே தாயைக் கொடுத்துவிட்டார்கள். நடிக்கவும் சுலபம், கைதட்டும் நிச்சயம்.

தாய் வேடத்தை முகாமிலிருந்து வரும் ஒரு மாணவிக்கு வகுப்பே சேர்ந்து கொடுத்தது. குரல் எடுத்துப் பேசக்கூடிய பெண். அவளும் ஆசையாகத்தான் வாங்கிக்கொண்டாள்.

கவனித்தவை

ஒத்திகை ஆரம்பித்த பிறகு மதிய இடைவேளை மாறியது. ஆறாம் வகுப்புப் பையன்கள் மைதானத்தில் 'படைக்கு ஆள் எடுக்கிற' விளையாட்டு ஆடினார்கள். இரண்டு பேர் ஓடிப் போய் ஒருவனைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வருவார்கள். வர மாட்டேன் என்றால் கோழை, அன்றைக்கு முழுக்க அந்தப் பெயர்தான். பிடிபட்டவனும் சிரித்துக்கொண்டுதான் வருவான். விளையாட்டாகவே இருந்தது. ஆனாலும் ஒரு சிறு பையன் டிபன் பாக்ஸைத் திறக்காமலே கையில் வைத்துக்கொண்டு கழிவறைச் சுவருக்குப் பின்னால் நின்றதை உடற்கல்வி ஆசிரியர் பார்த்தார்.

ஜானியாக நடித்த மாணவன் பள்ளி பேண்ட் குழுவின் டிரம்மை எடுத்துக்கொண்டு கணக்குப் பாடவேளையில் காணாமல் போக ஆரம்பித்தான். அட்டையில் வெட்டி ஜிகினா ஒட்டிய பதக்கம் சட்டைப் பையின் மேல் எப்போதும் இருந்தது. என்னிடம் வந்து, "சார், எந்த வயசுல சேந்தா சீக்கிரம் மெடல் வாங்கலாம்?" என்று கேட்டான். ராணுவத்தில் சேர ஆசைப்படும் பையன்கள் இந்தப் பக்கத்தில் நிறைய. அவன் கேட்டதில் 'எந்த வயசுல' என்பதுதான் எனக்கு உறுத்தியது.

அடுத்து அந்த மாணவி பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்று தகவல் வந்தது. நாட்கள் ஓடின. அதே முகாமிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் தமிழாசிரியை விசாரித்தார். காய்ச்சல் இல்லை, அம்மம்மா விட மாட்டேன் என்கிறார் என்று அவள் சொன்னாள்.

முகாம் வீட்டில்

தமிழாசிரியையும் நானும் போனோம். தலைமையாசிரியைக்குச் சொல்லிவிட்டு, மாணவியின் அம்மாவுக்குப் போன் செய்து, வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் போனோம்.

முன்னறையில் சுவரில் ஒரு படம். மீசை அரும்பாத முகம், சீருடை. அடியில் ஒரு பெயரும் அதற்கு முன்னால் ஒரு ராணுவத் தரமும். படத்துக்குக் கீழே சிறு விளக்கு வைக்கிற மாடம். அதில் அன்றைக்கு விளக்கு இல்லை.

நடந்ததை மாணவியின் அம்மா சொன்னார். மகள் வசனத்தை வீட்டில் பயிற்சி செய்திருக்கிறாள். தம்பியை மணையில் உட்கார வைத்து, தலையில் எண்ணெய் வைத்து வாரிவிட்டு, "போ மகனே, வென்று வா." இதை அடுப்படியிலிருந்து வந்த பாட்டி பார்த்திருக்கிறார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் பேத்தியின் பள்ளிப் பையை எடுத்துத் தன் பாயின் அடியில் வைத்துக்கொண்டார்.

பாட்டி எங்களிடம் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தமிழாசிரியை அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்த பிறகு, மெதுவாகப் பேசினார்.

"எனக்கு மூண்டு பிள்ளையள், ரீச்சர். நடுவிலான் அவன். பள்ளிக்கூடத்தால வரேக்க கொண்டு போட்டினம். பதினைஞ்சு வயசு. நான் அங்க போய் நிண்டு கத்தினனான். விடேல்லை. பிறகு பட்டமும் வைச்சு, படமும் பெருசாக்கிக் கொண்டு வந்து தந்தவை. ஊரெல்லாம் வந்து, வீரத்தாய் எண்டு கையைப் பிடிச்சது."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் போகச் சொல்லேல்லை. ஒருக்காலும் சொல்லேல்லை" என்றார். அதையே திரும்பவும் சொன்னார்.

குடும்பம் 2006-ல் படகில் தனுஷ்கோடிக்கு வந்து, மண்டபம் முகாம் வழியாகக் கடலூர் மாவட்டத்துக்கு வந்திருக்கிறது. இளைய மகனுக்கும் அதே வயது நெருங்கியதுதான் கிளம்பியதற்குக் காரணம் என்று மாணவியின் அம்மா சொன்னார். இலங்கைப் போரில் சிறுவர்கள் ஆயுதப் படைகளில் சேர்க்கப்பட்டதை ஐ.நா. அறிக்கைகள் ஆண்டுதோறும் பதிவு செய்திருக்கின்றன. அந்த அறிக்கைகளை நான் படித்திருக்கிறேன். ஆனால் சுவரில் இருக்கும் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து கேட்பது வேறு.

பாட்டிக்கு வலித்தது போர்க் காட்சி இல்லை, துப்பாக்கியும் இல்லை. எங்கள் நாடகத்தின் தாய்தான். ஊர் அவருக்குச் சூட்டிய அந்தப் பெயரை, அவர் பேத்தியின் வாயிலிருந்தே அவர் கேட்க வேண்டி வந்தது.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

பள்ளியில் கருத்து வேறுபாடு இருந்தது. போர் சம்பந்தப்பட்ட எதுவும் வேண்டாம், மரம் வளர்ப்பு நாடகம் போடலாம் என்றார் மூத்த ஆசிரியர் ஒருவர். இலங்கைப் பேச்சு எடுத்தால் வேறு மாதிரிப் போய்விடும் என்ற கவலை தலைமையாசிரியைக்கு. இரண்டும் நியாயமான கவலைகள்தான்.

நாடகத்தைக் கைவிட வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் இது. கைவிட்டால், ஏன் என்று வகுப்பு கேட்கும். பதில் இரண்டு நாளில் அந்த மாணவியின் வீட்டில் போய் நிற்கும். 'அவளால நாடகம் போச்சு' என்ற பேச்சு எட்டாம் வகுப்பில் எவ்வளவு தூரம் ஓடும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். அதோடு, ஜிகினாப் பதக்கம் குத்திய மாணவன் மனதில் கதை அப்படியே பதக்கத்தோடு நின்றுவிடும். எனக்கு அதுவும் பெரிய விஷயமாகப் பட்டது.

ஆகவே ஒத்திகையை நிறுத்தி வைத்தோம். கதையின் தகவல்களைச் சரிபார்க்க வேண்டும் என்று வகுப்புக்குச் சொன்னோம். அது உண்மையும்தான். முகாம் வீட்டில் கேட்டது எதையும் வகுப்பில் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். பாட்டியின் கதை பாட்டியுடையது. அதை எடுத்துப் பாடம் நடத்துவது, எவ்வளவு நல்ல நோக்கமாக இருந்தாலும், மறுபடியும் அவரை மேடையில் ஏற்றுவதாகும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஆற்றுப்படுத்துநரிடம் (மன ஆலோசனை தருபவர்) குடும்பத்தின் சம்மதத்தோடு பேசினோம். மைதான விளையாட்டை அதட்டி நிறுத்த வேண்டாம், அந்த நேரத்தில் கபடிக்கும் எறிபந்துக்கும் கோடு போட்டுக் கொடுங்கள் என்பது அவர் சொன்ன யோசனை.

மாணவியை வேடத்துக்குத் திரும்பக் கூப்பிடவில்லை. பள்ளிக்கு வந்தால் போதும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தோம். ஒரு வாரத்துக்குள் வந்துவிட்டாள்.

கதையைச் சரிபார்த்தது

இந்த வேலையை ஜானியாக நடித்த மாணவனிடமே கொடுத்தோம். கூட நான்கு பேர். கணினி ஆய்வகத்தில் நான் உடன் உட்கார்ந்தேன். கிடைத்ததை ஒரு சார்ட்டில் ஆண்டு வாரியாக எழுதினார்கள்.

ஜான் ஜோசப் கிளெம் 1851 ஆகஸ்ட் 13 அன்று ஓஹியோ மாநிலம் நியூவார்க்கில் பிறந்தவன். 1861-ல் தாய் ரயிலில் அடிபட்டு இறந்துவிட்டார். பையன் வீட்டை விட்டு ஓடிப்போனான். அவனை அனுப்பி வைத்த தாய் என்று ஒருவர் இல்லவே இல்லை. இதைக் கண்டுபிடித்த ஒரு மாணவி சார்ட்டில் எழுதுவதற்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப முதல் சீனே பொய்யா சார்?"

முதலில் அணுகிய படைப்பிரிவு, சிறுவன் என்று திருப்பி அனுப்பியது. பிறகு 22-ஆம் மிச்சிகன் காலாட்படையோடு ஒட்டிக்கொண்டான். ஆரம்பத்தில் அவன் பெயர் சம்பளப் பட்டியலில் இல்லை. அதிகாரிகள் தங்களுக்குள் காசு போட்டு ஒரு சிப்பாயின் மாதச் சம்பளமான 13 டாலரை அவனுக்குக் கொடுத்தார்கள். முறைப்படி சேர்த்தது 1863-ல். ஷைலோ போரில் அவன் முரசு குண்டடிபட்டு உடைந்தது என்று ஒரு கதை உண்டு, 'ஜானி ஷைலோ' என்ற பெயரே அதனால் வந்தது. ஷைலோ போர் நடந்தது 1862 ஏப்ரல். 22-ஆம் மிச்சிகன் படை திரட்டப்பட்டதே அந்த ஆண்டு ஆகஸ்டில். கணக்கு வகுப்பைத் தவறவிட்ட பையன்கள் இந்தக் கழித்தலைத் தாங்களே செய்து, கதையை அடித்துவிட்டார்கள்.

1863 செப்டம்பரில் சிக்கமாகா போர். அவன் உயரத்துக்கு வெட்டிக் குறைத்த துப்பாக்கியால், சரணடையச் சொன்ன தென்படை கர்னலைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. அதற்காக சார்ஜண்ட் ஆக்கினார்கள். வயது 12. அவன் படம் அட்டையாக அச்சாகி வடக்கு மாநிலங்களில் பரவியது. அடுத்த மாதமே ஜார்ஜியாவில் சிறைபிடிக்கப்பட்டான். குழந்தைகளை அனுப்பும் நிலைக்கு வடக்கு வந்துவிட்டது பாருங்கள் என்று தெற்கத்திப் பத்திரிகைகள் எழுதின. ஒரு பக்கம் அவனை வீரன் என்று விற்றது, மறு பக்கம் அவனை வைத்து எதிரியை ஏளனம் செய்தது. கைதிகள் பரிமாற்றத்தில் வெளியே வந்தவனை வீட்டுக்கு அனுப்பவில்லை. திரும்பவும் போர்முனைக்குத்தான். இரண்டு முறை காயம் பட்டு, 1864 செப்டம்பரில் 13 வயதில் படையை விட்டு வந்தான்.

காணொளி சொன்ன 'மிக உயர்ந்த பதக்கம்' அவனுடையது இல்லை. அமெரிக்கப் படைகளின் மிக உயர்ந்த பதக்கமான மெடல் ஆஃப் ஆனர் வாங்கிய முரசுச் சிறுவன் வேறு, வில்லி ஜான்ஸ்டன். 3-ஆம் வெர்மான்ட் படையில் தகப்பனோடு சேர்ந்தவன். 1862 ஜூன் கடைசியில் ரிச்மண்ட் அருகே நடந்த ஏழு நாள் போரில் படை பின்வாங்கியபோது மற்றவர்கள் சுமையைக் குறைக்கத் துப்பாக்கி, முரசு எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்தார்கள். இவன் மட்டும் முரசைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தான். அப்போது வயது 11. பதக்கம் 1863 செப்டம்பரில், 13 வயதில். அந்தப் பதக்கத்தை இன்றுவரை அவ்வளவு இளம் வயதில் வாங்கியவர் இல்லை.

முரசுச் சிறுவர்களின் வேலை என்ன என்று தேடியபோது பிள்ளைகள் அமைதியானார்கள். புகையிலும் இரைச்சலிலும் கட்டளை காதில் விழாது. முன்னேறு, திரும்பு, கூடு என்பதெல்லாம் முரசடிதான். சண்டை ஓய்ந்த பிறகு அதே சிறுவர்கள் காயம்பட்டவர்களைத் தூக்கினார்கள், கை கால் வெட்டி எடுக்கும் மருத்துவர்களுக்கு உதவியாக நின்றார்கள். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்த போர் அது.

மாணவன் கேட்ட கேள்வி

எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு அவன் விடவில்லை. "சரி சார், ஆனா அவரு நல்லாத்தானே இருந்தாரு? ஜெனரல் ஆயிட்டாரே."

நேர்மையான கேள்வி. மழுப்பினால் அவன் என்னை நம்பியிருக்க மாட்டான். கிளெம் பிழைத்தார், நெடுநாள் வாழ்ந்தார். 1915-ல் பணி ஓய்வு பெறும்போது, உள்நாட்டுப் போரைப் பார்த்தவர்களில் கடைசியாகப் பணியில் இருந்தவர் அவர்தான். பிறகு மேஜர் ஜெனரல் தரமும் கிடைத்தது. 1937-ல் இறந்தார், ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் இருக்கிறார். எல்லாமே உண்மை என்று சொன்னேன்.

அதற்கு நடுவே உள்ள ஆண்டுகளைப் படிக்கச் சொன்னேன். போரிலிருந்து வந்த பையன் பள்ளிப் படிப்பை முடித்தது 1870-ல். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் சேர நுழைவுத் தேர்வு எழுதினார், தேறவில்லை. திரும்ப எழுதினார், அப்போதும் தேறவில்லை. படிக்க வேண்டிய வயது போர்க்களத்தில் போய்விட்டது. 1871-ல் அதிபராக இருந்த கிராண்ட், போரில் படைத்தளபதியாக இருந்தவர், நேரடியாக செகண்ட் லெப்டினன்ட் ஆக்கினார். அதிபரையே போய்ப் பார்க்க முடிந்த ஒருவருக்குக் கிடைத்த வழி அது. மற்ற முரசுச் சிறுவர்களுக்கு அது கிடையாது.

பிறகு சார்லி கிங்கைப் பற்றி அவர்களே தேடி எடுத்தார்கள். பென்சில்வேனியாவின் வெஸ்ட் செஸ்டர் ஊர்ப் பையன், 49-ஆம் பென்சில்வேனியா படையின் முரசுக்காரன். சேரும்போது வயது 12. தகப்பனுக்கு மனமில்லை. பையனைச் சண்டை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் விட மாட்டோம் என்று படைத் தலைவர் உறுதி சொல்லி வாங்கிக்கொண்டு போனார். 1862 செப்டம்பர் 17, ஆன்டீட்டம் போரில் குண்டடி பட்டது. மூன்றாம் நாள் இறந்தான். வயது 13.

இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது, ஒருவன் தைரியசாலி, இன்னொருவன் கோழை என்று யாரும் சொல்லவில்லை. குண்டு எங்கே விழுந்தது என்பதுதான் வித்தியாசம். இரண்டு பேரைச் சுற்றியும் பெரியவர்கள் நின்றார்கள். ஒருவர் சம்பளம் கொடுத்தார், ஒருவர் துப்பாக்கியை வெட்டிச் சிறிதாக்கினார், ஒருவர் படம் எடுத்து விற்றார், ஒருவர் தகப்பனிடம் வாக்குக் கொடுத்தார். வீட்டுக்குப் போ என்று சொன்னவர் முதலில் திருப்பி அனுப்பிய படைக்காரர் மட்டும்தான். கதைகளில் அவருக்கு ஒரு வரிதான். என் கணக்கில் இந்தக் கதையின் நல்ல மனிதர் அவர்.

இன்றைய சட்டத்தையும் சொன்னேன். 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் படையில் சேர்ப்பது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சட்டப்படி போர்க் குற்றம். 2012-ல் அந்த நீதிமன்றம் கொடுத்த முதல் தீர்ப்பே, காங்கோவில் சிறுவர்களைப் படையில் சேர்த்த தாமஸ் லுபாங்காவுக்கு எதிராகத்தான். 14 ஆண்டு சிறை. 2000-இல் ஏற்கப்பட்ட, ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறை, ஆயுதக் குழுக்கள் 18 வயதுக்குட்பட்ட யாரையும் சேர்க்கக் கூடாது என்கிறது. நம் நாட்டில் 2015 இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 83-ஆம் பிரிவு, ஆயுதக் குழுக்கள் குழந்தைகளைப் பயன்படுத்தினால் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஐந்து லட்சம் ரூபாய் அபராதம் என்கிறது.

மாணவனின் தாத்தாவையும் வரச் சொன்னோம். பதக்கம் இல்லாமல், சாதாரண சட்டையில் வந்தார். வகுப்பில் அதிகம் பேசவில்லை. தான் சேரும்போது வயது வந்தவன் என்றும், தானே கையெழுத்துப் போட்டுச் சேர்ந்ததாகவும் சொன்னார். பேரனைப் பார்த்து, "நீ அந்த வயசுல வந்திருந்தா, உன்னை சேத்தவனைத்தான்டா உள்ளே போடணும்" என்றார். பையன் முகம் சுருங்கிப்போனது. ஆனால் நான் சொன்ன எல்லாவற்றையும் விட அது ஏறியது என்று நினைக்கிறேன்.

பின் நடந்தவை

பிப்ரவரி 12, சிறுவர்களைப் படையில் சேர்ப்பதை எதிர்க்கும் செங்கை நாள் (ரெட் ஹேண்ட் டே). அன்று திங்கட்கிழமை, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மாணவர்கள் சார்ட்டை வாசித்தார்கள். அதிலிருந்துதான் நாடகத்தின் புதிய வடிவம் உருவானது. தாய்க் காட்சி போனது. அந்த இடத்தில் வெற்று மேடையில் ஒரு சிறுவன், முதுகு திருப்பிய அதிகாரி, "வீட்டுக்குப் போ" என்ற ஒரே வசனம். பதக்கக் காட்சி நடுவில் வந்தது. கடைசியில் இரண்டு மேசைகள். ஒன்றில் நுழைவுத் தேர்வுத் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிளெம். இன்னொன்றில் சார்லியின் தகப்பன், எதிரே பதில் சொல்ல முடியாத படைத் தலைவர்.

மாணவனுக்கு இது முதலில் பிடிக்கவில்லை. நடிக்க மாட்டேன் என்று இரண்டு நாள் முறுக்கிக்கொண்டிருந்தான். பிறகு கிளெம் வேடத்தை வேறு பையனுக்கு விட்டுக்கொடுத்து, சார்லியின் தகப்பனாக நடிக்கிறேன் என்று வந்தான். ஏன் என்று கேட்டதற்கு, "அதுல பேசுறதுக்கு இருக்கு சார்" என்றான்.

ஆண்டு விழாவில் நினைத்தது எல்லாம் நடக்கவில்லை. பலத்த கைதட்டல் துப்பாக்கிச் சூட்டுக் காட்சிக்குத்தான் கிடைத்தது. விசில்கூட வந்தது. கடைசிக் காட்சியில் பின்வரிசைகள் பேச ஆரம்பித்துவிட்டன. முன்னால் இருந்த அம்மாக்கள் பேசவில்லை. மறுநாள் மாணவர்களிடம், எந்த இடத்தில் கை தட்டினார்கள், ஏன் என்று கேட்டு ஒரு வகுப்பு முழுக்கப் பேசினோம். நாடகத்தை விட அந்த வகுப்பு எனக்கு நிறைவாக இருந்தது.

அந்த மாணவி மேடை ஏறவில்லை. சார்ட்டில் தேதிகளைச் சரிபார்த்தது அவள்தான், பிரதியையும் அழகாக எழுதிக் கொடுத்தாள். விழாவுக்கு அவள் அம்மா வந்தார், பாட்டி வரவில்லை. நாங்களும் அழைப்பிதழ் கொடுத்தோமே தவிர வற்புறுத்தவில்லை. ஆற்றுப்படுத்துநர் ஒருமுறை வீட்டுக்குப் போனபோது பாட்டி தேநீர் கொடுத்தார், பேசவில்லை. அடுத்த முறை கொஞ்சம் பேசியிருக்கிறார். என்ன என்று நாங்கள் கேட்கவில்லை.

ஆள் பிடிக்கிற விளையாட்டு உடனே நிற்கவில்லை. கபடிக் கோடு போட்ட பிறகு குறைந்து, கோடைக்கு முன் மறைந்தது. டிபன் பாக்ஸோடு ஒளிந்த பையன் இப்போது கபடியில் நல்ல பிடிகாரன்.

மாணவன் இன்னும் ராணுவத்தில் சேரத்தான் ஆசைப்படுகிறான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு எழுத வேண்டும் என்கிறான். கணக்கு வகுப்பில் இருக்கிறான்.

இனி மாற்றுவது

போர், கலவரம், இடப்பெயர்ச்சி, சுனாமி போன்ற பொருள்களில் நாடகம் எடுத்தால், வேடம் பிரிப்பதற்கு முன்பே பெற்றோருக்குக் கதைச் சுருக்கம் போகும். காரணம் கேட்காமல் விலகலாம் என்று அதில் எழுதியிருக்கும். கடலூரில் சுனாமியில் ஆள் இழந்த வீடுகளும் இருக்கின்றன, முகாம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று இதைச் செய்வதில்லை. தனியாகப் பிரித்துக் கேட்டால் அதுவே ஒரு முத்திரையாகிவிடும்.

காணொளியிலிருந்து எடுத்த எந்தக் கதையும் ஆண்டு வாரியான சார்ட் இல்லாமல் ஒத்திகைக்குப் போகாது. இந்தக் கதையில் சார்ட் முதலிலேயே இருந்திருந்தால், இறந்துபோன தாய் மேடையில் வந்திருக்கவே மாட்டாள். வீரச் சிறுவர் கதை என்றால் சார்ட்டில் இரண்டு கட்டாயப் பகுதிகள் உண்டு. அந்தச் சிறுவனைச் சுற்றியிருந்த பெரியவர்கள் யார் யார், என்ன செய்தார்கள் என்பது ஒன்று. பதக்கத்துக்குப் பிறகான ஆண்டுகள் இன்னொன்று.

தாய்க் காட்சி பற்றித் தமிழாசிரியை தனியாக ஒரு பாடம் தயாரித்து வருகிறார். புறநானூற்றுப் பாட்டை எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் எண்ணம் இல்லை. அது ஒரு புலவர் கண்ட காட்சி, படிக்க வேண்டிய பாட்டு. ஆனால் அதை எடுத்து எல்லாத் தாயின் வாயிலும் வைக்கும் பழக்கத்தைப் பற்றிப் பிள்ளைகளோடு பேச வேண்டியிருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு முன் இந்தப் பேச்சு வேண்டாம் என்று அவர் கருதுகிறார். எட்டிலேயே தாங்குவார்கள் என்பது என் கருத்து. இன்னும் முடிவாகவில்லை.

வட்டாரத்தில் வேறொரு பள்ளி நாடகப் பிரதியைக் கேட்டது. சார்ட்டின் நகலையும் பெற்றோர் கடிதத்தின் மாதிரியையும் சேர்த்தே கொடுத்தோம். பிரதியை மட்டும் தனியாகக் கொடுப்பதில்லை என்று தலைமையாசிரியை நூலகப் பதிவேட்டில் எழுதிவைத்திருக்கிறார்.